சைக்கிள் சவாரியும் உடல்நலமும்: வண்டியை உடலுக்குப் பொருத்தும் முறை

இந்தியாவில் அன்றாடம் பணிக்குச் செல்வோரில் மிகப் பலருக்குச் சைக்கிளே வாகனம். 2011-ஆம் ஆண்டு மக்கட்கணிப்பின்போது நாட்டின் குடும்பங்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 குடும்பங்களிடம் சைக்கிள் இருந்தது. பயிர்த்தொழிலும் வீட்டுத்தொழிலும் நீங்கலான பிற தொழில்களைச் செய்வோரில் நூற்றுக்கு 13 பேர் சைக்கிளிலேயே வேலைக்குச் சென்று வந்தனர். 1952 அக்டோபர் 2-ஆம் தேதி சமுதாய அபிவிருத்தித் திட்டம் தொடங்கிய காலந்தொட்டு, கிராமம் கிராமமாகச் சுற்றிவரும் களப்பணியாளரின் வேலை சைக்கிளோடு பிணைந்து வந்திருக்கிறது. பஸ் செல்லாத ஊர்ப் பள்ளிகளுக்குச் செல்லும் ஆசிரியர்களின் நிலையும் இதுவே.

சைக்கிளை வாங்கியவர்களில் ஒரு சாரார் சில மாதங்களிலேயே அதைக் கைவிட்டுவிடுகின்றனர். முழங்கால் நோகிறது, இடுப்பு பிடித்துக்கொள்கிறது, விரல்கள் மரத்துப் போகின்றன. சைக்கிள் தம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர்கள் முடிவு செய்கின்றனர். உண்மையில் பெரும்பாலான வலிகளுக்குக் காரணம் உடம்பின் பலவீனமன்று. இருக்கை சில சென்டிமீட்டர் தாழ்ந்தோ உயர்ந்தோ இருப்பதும், கைப்பிடி எட்டாத தூரத்தில் இருப்பதும், மிதிக்கும் முறை தவறாக இருப்பதுமே காரணம். ஓர் அளவு நாடாவும் ஒரு ஸ்பானரும் இருந்தால் இவற்றில் பலவற்றை அரைமணி நேரத்தில் திருத்திவிடலாம். அம்முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உடலின் சக்தியும் சைக்கிளும்

தன் சொந்தத் தசைவலிமையால் இடம்பெயரும் வழிகளில் சைக்கிளே மிகச் சிக்கனமானது. நடப்பவர் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் செல்லச் செலவிடும் சக்தியைக் கொண்டு, சமதரையில் சைக்கிளில் செல்பவர் மணிக்கு 15 கி.மீ. அளவுக்குச் செல்ல முடியும். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். எஸ். வில்ஸன் 1973-இல் எழுதிய கட்டுரையில், உடல் எடையையும் கடக்கும் தூரத்தையும் கணக்கிட்டால் சைக்கிளில் செல்லும் மனிதன் விலங்குகளையும் எந்திரங்களையும்விடக் குறைந்த சக்தியில் பயணம் செய்கிறான் என்று எடுத்துக்காட்டினார். நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் உடலின் பாரத்தைக் கால்கள் தாங்கி உயர்த்த வேண்டியிருக்கிறது. சைக்கிளில் அப்பாரத்தை இருக்கை தாங்கிக்கொள்கிறது. தசைகள் வண்டியை முன்செலுத்தும் வேலையை மட்டும் செய்கின்றன.

உடல்நலத்திற்கும் இதனால் நன்மை உண்டு. லக்னோ, நாகபுரி, ஹைதராபாத், பெங்களூர் ஆகிய நகரங்களின் ஆலைத் தொழிலாளரையும் கிராமங்களில் வாழும் அவர்களுடைய உடன்பிறந்தோரையும் ஆராய்ந்து 2013-இல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சி ஒன்றில், சைக்கிளில் வேலைக்குச் செல்வோரிடம் மிகை எடை, இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகிய மூன்றும் குறைவாகக் காணப்பட்டன. ஆனால் இந்நன்மை நீடித்து ஓட்டுபவர்க்கே கிட்டும். வலியினால் சவாரியை நிறுத்தியவர்க்கு அது இல்லை.

முழங்கால் செய்யும் வேலை எவ்வளவு என்பதை ஒரு சிறு கணக்கு காட்டும். சாதாரண வண்டியின் முன் பல்சக்கரத்தில் 44 பற்களும் பின்புறப் பிரீவீலில் 18 பற்களும் இருப்பதாகக் கொள்வோம். மிதிகட்டை ஒரு சுற்றுச் சுற்றும்போது பின்சக்கரம் 44 ÷ 18, அதாவது ஏறக்குறைய 2.44 சுற்றுகள் சுற்றும். 28 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர். ஆகவே ஒரு மிதிச் சுற்றில் வண்டி ஏறக்குறைய 5.4 மீட்டர் செல்லும். பள்ளி 10 கி.மீ. தூரத்தில் இருப்பின், போகவர 20 கி.மீ.க்கு 3,700 சுற்றுகள். ஆண்டில் 250 நாட்களுக்கு 9 லட்சத்துக்கு மேற்பட்ட சுற்றுகள். மிதிக்காமல் உருளும் தூரத்தைக் கழித்தாலும் ஒவ்வொரு முழங்காலும் பல லட்சம் முறை மடங்கி நிமிர்கிறது. ஒருமுறை மடங்குகையில் புலப்படாத சிறு குறை, பல லட்சம் முறை திரும்ப நிகழும்போது நோயாகிறது.

இருக்கையின் உயரம்

பொருத்துதலில் முதன்மையானது இருக்கையின் உயரம். தாழ்ந்த இருக்கையில் அமர்ந்தால், மிதிகட்டை மேலே வரும்போது முழங்கால் அளவுக்கு மீறி மடங்குகிறது. அந்நிலையில் மிதிக்கும் விசை முழங்கால் சில்லைத் தொடை எலும்பின் மீது அழுத்துகிறது. முழங்காலின் முன்பக்கத்தில் வலி தோன்றுகிறது. இருக்கை அளவுக்கு மீறி உயர்ந்திருந்தால், மிதிகட்டை கீழே செல்லும்போது கால் அதை எட்டுவதற்காக இடுப்பு இருபுறமும் மாறிமாறிச் சாய்கிறது. முழங்காலின் பின்பக்கத் தசைநார்களும் குதிகால் நரம்பும் இழுபட்டு நோகின்றன.

சரியான உயரத்தைக் காண எளிய வழி ஒன்று உண்டு. வண்டியைச் சுவரோரம் நிறுத்தி, ஓட்டுபவர் இருக்கையில் நேராக அமர்ந்து, குதிகாலை மிதிகட்டையின்மேல் வைத்து, அதைக் கீழ்நிலைக்குக் கொண்டுவர வேண்டும். இடுப்பு சாயாமல் கால் முழுதும் நிமிர்ந்து நின்றால் உயரம் சரி. பின்னர் முறைப்படி பாதத்தின் முற்பகுதியை மிதிகட்டையில் வைத்தால் முழங்கால் சிறிதளவு மடங்கியிருக்கும். அம்மடிப்பு நேர்நிலையிலிருந்து 25 முதல் 35 பாகை வரை இருப்பது நல்லது என்பது பின்வந்த ஆராய்ச்சியாளரின் முடிவு.

அளந்து காண விரும்புவோர்க்கு மற்றொரு முறை: செருப்பின்றிச் சுவரில் முதுகு படும்படி நின்று, ஒரு தடித்த புத்தகத்தைக் கால்களுக்கிடையில் இருக்கையைப்போல் மேலே அழுந்தப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளக்க வேண்டும். இதுவே உட்கால் நீளம். 1967-இல் இங்கிலாந்தில் ஹாம்லி, தாமஸ் என்னும் இருவர் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, உட்கால் நீளத்தை 1.09 ஆல் பெருக்கிக் கிடைப்பதே கீழ்நிலையிலுள்ள மிதிகட்டையிலிருந்து இருக்கையின் மேற்பரப்புவரை இருக்கத்தக்க தூரம். உட்கால் நீளம் 76 செ.மீ. என்றால் இத்தூரம் ஏறக்குறைய 83 செ.மீ. தொடைக்கும் கணைக்காலுக்கும் உள்ள விகிதம் ஆளுக்கு ஆள் மாறுவதால் இதனைத் தொடக்க அளவாகக் கொண்டு, குதிகால் சோதனையால் சரிபார்த்துக்கொள்வதே முறை.

இங்கு வண்டியின் அளவும் குறுக்கிடுகிறது. இந்தியாவில் நெடுங்காலம் பெருவாரியாக விற்பனையாகிவந்தவை ஆங்கில மாதிரியைப் பின்பற்றிய 22 அங்குல, 24 அங்குலச் சட்டங்கள். மேற்கூறிய 83 செ.மீ.இல் மிதிகட்டையைத் தாங்கும் கிராங்கின் நீளம் 17 செ.மீ. போக, கிராங்கு அச்சிலிருந்து இருக்கைவரை 66 செ.மீ. எஞ்சுகிறது. சுருள்வில் பொருத்திய இருக்கையே சுமார் 10 செ.மீ. உயரத்தைப் பிடித்துக்கொள்ளும். 24 அங்குலச் சட்டம், அதாவது 61 செ.மீ., இதனோடு சேரும்போது 71 செ.மீ. ஆகிவிடுகிறது. இருக்கையை எவ்வளவு தாழ்த்தினாலும் அவ்வண்டி அவருக்கு 5 செ.மீ. உயரமே. 22 அங்குலச் சட்டம், அதாவது 56 செ.மீ., அவருக்கு ஏறக்குறைய ஈடாகும். பெரிய வண்டி நீடித்து உழைக்கும் என்று எண்ணி வாங்கியவர் பின்னர் இடுப்பு வலியால் வருந்துவது இதனாலேயே. குறுக்குக் குழாயின் இருபுறமும் கால்களை வைத்து நின்று பார்க்கும்போது இரு பாதங்களும் தரையில் முழுதும் படியாவிடில் அவ்வண்டி பெரிது. அத்தகையோர் சிறிய சட்டத்தையோ, குறுக்குக் குழாய் தாழ்ந்த பெண்கள் வண்டியையோ தேர்ந்தெடுப்பது நலம். ஆடவர் அதில் ஏறுவது இழிவன்று.

சரியான உயரத்தில் அமர்ந்தவர்க்கு இருக்கையிலிருந்தபடியே தரையில் கால் ஊன்ற முடியாது. பழகாதவர் இதற்கு அஞ்சி இருக்கையைத் தாழ்த்திவிடுகின்றனர். நிறுத்தும்போது இருக்கையிலிருந்து முன்னே இறங்கி, வண்டியைச் சற்று இடப்புறம் சாய்த்து இடக்காலை ஊன்றப் பழகுவதே இதற்கு மருந்து. நெடுநாள் தாழ்ந்த இருக்கையில் ஓட்டியவர் ஒரே நாளில் உயர்த்தாமல், நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறை 1 செ.மீ. வீதம் உயர்த்துவது நல்லது. உயர்த்தும்போது இருக்கைத் தண்டில் எல்லைக்கோடு இருந்தால் அதற்குமேல் வெளியே இழுக்கலாகாது. கோடு இல்லாவிடில் தண்டு குறைந்தது 7 செ.மீ. சட்டத்தினுள் நிற்க வேண்டும்.

இருக்கையின் சாய்வும் முன்பின் நிலையும்

அமர்ந்திருப்பவரின் பாரத்தை இடுப்பெலும்பின் அடியிலுள்ள இரு முனைகள் தாங்க வேண்டும். இருக்கையின் முன்மூக்கு மேல்நோக்கி இருந்தால், பாரம் கால்களுக்கிடையிலுள்ள மென்மையான பகுதியில் விழுந்து, அங்குள்ள நரம்பும் இரத்தக்குழாயும் நசுங்கி மரமரப்பு உண்டாகிறது. இதனை நாணத்தால் வெளியே சொல்லாதவர் பலர். மரமரப்பு தோன்றினால் புறக்கணிக்காமல் இருக்கையைச் சமமட்டமாக்க வேண்டும். முன்மூக்கு அளவுக்கு மீறிக் கீழ்நோக்கினாலும் தீங்கே. உடல் முன்னே வழுக்குவதைத் தடுக்கக் கைகள் ஓயாமல் உந்த நேர்ந்து, தோள்களும் மணிக்கட்டுகளும் களைக்கும்.

முன்பின் நிலையை அறிய, கிராங்குகளைத் தரைக்கு இணையாக நிறுத்திப் பாதங்களை மிதிகட்டைகளில் வைத்து, முன்காலின் முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழிருந்து ஒரு தூக்குநூலைத் தொங்கவிடலாம். நூல் மிதிகட்டையின் அச்சை ஒட்டி விழுமாயின் அந்நிலை பெரும்பாலோர்க்கு ஏற்றது. இது துல்லியமான விதியன்று; நல்ல தொடக்கம் மட்டுமே.

மெத்தென்ற தடித்த உறை சுகமளிக்கும் என்பது பொதுவான எண்ணம். சிறு தூரத்திற்கு அது உண்மை. நீண்ட தூரத்தில் அவ்வுறை அமிழ்ந்து, எலும்பு முனைகளுக்கிடையில் புடைத்து, தாங்கக்கூடாத இடத்தையே அழுத்துகிறது. எலும்பு முனைகளின் அகலத்துக்கு ஈடான, ஓரளவு உறுதியான இருக்கையே சிறந்தது.

கைப்பிடியும் கைகளும்

பணிக்குச் செல்பவர்க்குக் கைப்பிடி இருக்கையின் மட்டத்திலோ, அதைவிட 2 முதல் 5 செ.மீ. உயர்ந்தோ இருப்பது தகும். பிடித்திருக்கும்போது முழங்கைகள் சிறிதளவு மடங்கியிருக்க வேண்டும். விறைத்து நீண்ட கைகள் சாலையின் ஒவ்வோர் அதிர்ச்சியையும் நேரே தோளுக்கும் கழுத்துக்கும் கடத்துகின்றன. மடங்கிய முழங்கை வில்லைப்போல் அதனை வாங்கிக்கொள்கிறது.

சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போவது சைக்கிள் ஓட்டுபவரிடம் நன்கு அறியப்பட்ட குறை. அவ்விரல்களுக்குச் செல்லும் நரம்பு உள்ளங்கையின் அடிப்பகுதியில், சுண்டுவிரல் பக்கத்தில், தோலுக்கு அருகில் செல்கிறது. உடலின் பாரத்தை அவ்விடத்தில் ஊன்றி நெடுநேரம் ஓட்டினால் நரம்பு நசுங்குகிறது. கைப்பிடியை உயர்த்துதல், இறுகப் பற்றாமை, பத்து நிமிடத்திற்கொருமுறை பிடிக்கும் இடத்தை மாற்றுதல், தேய்ந்துபோன ரப்பர் பிடியை மாற்றுதல் ஆகியவை பரிகாரம். இரும்புக் கம்பிப் பிரேக் உள்ள வண்டிகளில் கைப்பிடியை உயர்த்தியவுடன் பிரேக் கம்பிகளின் நீளத்தையும் சரிசெய்ய மறக்கலாகாது. இல்லாவிடில் பிரேக் பிடிக்காது.

மிதிக்கும் முறை

ஒரே வேகத்தில் செல்ல இரு வழிகள் உண்டு: பலமாக அழுத்தி மெதுவாகச் சுற்றலாம், இலேசாக அழுத்தி விரைவாகச் சுற்றலாம். வேலையின் அளவு ஒன்றே. நிமிடத்திற்கு 60 சுற்றுகள் சுற்றுபவர் செலுத்தும் விசையைப்போல் ஒன்றரை மடங்கு விசையை 40 சுற்றுகள் சுற்றுபவர் செலுத்த வேண்டும். முழங்காலுக்குத் தீங்கு செய்வது அவ்விசையே. ஆகவே நிமிடத்திற்கு 60 சுற்றுகள் அளவில் சுற்றப் பழகுவது நல்லது. கடிகாரத்தைக் கொண்டு அரை நிமிடத்திற்கு 30 முறை ஒரு கால் கீழே செல்கிறதா என்று எண்ணிப் பார்க்கலாம்.

கியர் மாற்றும் வசதியற்ற வண்டியில் மேற்சொன்ன 44, 18 பற்களுடன் 60 சுற்றுகள் சுற்றினால் வேகம் மணிக்கு 19 கி.மீ.க்கு மேலாகிவிடும். சுமையோடு செல்வோர்க்கும் முதியோர்க்கும் இது மிகை. பின்னே 20 பல் பிரீவீலைப் பொருத்தினால் ஒரு சுற்றில் வண்டி 4.8 மீட்டர் மட்டுமே செல்லும். அதே 60 சுற்றில் வேகம் 17 கி.மீ. அளவாகி, விசையும் பத்தில் ஒரு பங்கு குறையும். குறைந்த செலவில் முழங்காலுக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி இது. செங்குத்தான ஏற்றத்தில் இறங்கி வண்டியைத் தள்ளிச் செல்வது அறிவுடைமை. எதிர்காற்றில் வழக்கமான வேகத்தைப் பிடித்துவைக்க முயலாமல் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

மிதிகட்டையின்மேல் பாதத்தின் முற்பகுதி, அதாவது பெருவிரலின் அடிமூட்டு, அச்சுக்கு நேராக இருக்க வேண்டும். விரல் நுனியால் மிதித்தால் குதிகால் நரம்பு இழுபடும். பாதத்தின் நடுக்குழியால் மிதித்தால் கணைக்கால் தசைகள் வேலை செய்யாமல் முழு உழைப்பும் தொடைமேல் விழும். முழங்கால்கள் வெளிப்புறம் விரியாமல் நேராக மேலும் கீழும் செல்ல வேண்டும்.

சுமை, சாலை, பருவம்

முதுகில் தொங்கும் பை இருக்கையின்மேலும் கைகளின்மேலும் பாரத்தைக் கூட்டும், வியர்வையும் ஆறாது. கைப்பிடியில் தொங்கும் பை வண்டியைத் திருப்புவதற்கு இடையூறு. சக்கரத்தில் சிக்கி ஆளைக் கவிழ்ப்பதும் உண்டு. புத்தகக் கட்டும் கருவிப் பெட்டியும் பின்காரியரில் இறுகக் கட்டப்பட வேண்டும். புடவை, துப்பட்டா, வேட்டி அணிவோர்க்குச் சங்கிலிமூடியும் பின்சக்கரத்தின் வலைமூடியும் கட்டாயம் தேவை.

காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி விரிந்து உழைப்பை விழுங்குகிறது. டயரின் பக்கத்தில் அச்சிட்டுள்ள அளவுக்கு வாரம் ஒருமுறை காற்றடிப்பதும், சங்கிலிக்கு எண்ணெயிடுவதும் முழங்காலைக் காக்கும் செயல்களே. மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக்கின் பிடிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். நிறுத்த வேண்டிய இடத்திற்கு முன்னதாகவே இலேசாகப் பிரேக்கைப் பிடித்து ரிம்மைத் துடைத்துக்கொள்ள வேண்டும்.

கோடையில், ஓடும்போது வீசும் காற்று வியர்வையை உடனுக்குடன் ஆற்றிவிடுவதால் நீரிழப்பு புலப்படுவதில்லை. புறப்படுமுன் நீர் அருந்துதலும், உடன் ஒரு குப்பி நீர் கொண்டுசெல்லுதலும், இயன்றவரை வெயில் ஏறுமுன் பயணத்தை முடித்தலும் வேண்டும். தலைச்சுற்றல், குமட்டல் தோன்றினால் நிழலில் இறங்கிவிட வேண்டும். விழும்போது தலைக்கு நேரும் கடுங்காயத்தைத் தலைக்கவசம் குறைக்கிறது. இருளில் செல்வோர்க்கு முன்விளக்கும் பின்புறச் சிவப்பு ஒளிகாட்டியும் இன்றியமையாதவை.

வலியின் இடமும் காரணமும்

1. முழங்காலின் முன்பக்கம்: இருக்கை தாழ்வு, அல்லது பலமாக அழுத்தி மெதுவாகச் சுற்றுதல்.
2. முழங்காலின் பின்பக்கம்: இருக்கை மிகை உயரம்.
3. குதிகால் நரம்பு: விரல் நுனியால் மிதித்தல், இருக்கை மிகை உயரம்.
4. கீழ்முதுகு: இடுப்பு இருபுறமும் சாய்தல், கைப்பிடி எட்டாத தூரம்.
5. கழுத்து, தோள்: கைப்பிடி தாழ்வு, முழங்கை விறைப்பு.
6. சுண்டுவிரல், மோதிரவிரல் மரத்தல்: உள்ளங்கையில் பாரம் ஊன்றுதல்.
7. அமருமிடத்தில் மரமரப்பு: இருக்கையின் முன்மூக்கு உயர்வு.

திருத்தும்போது ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றி, சில நாட்கள் ஓட்டிப் பார்க்க வேண்டும். பலவற்றை ஒருங்கே மாற்றினால் எது பயனளித்தது என்பது விளங்காது. புதிதாகத் தொடங்குபவர் முதல் வாரங்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஓட்டி, தூரத்தைப் படிப்படியாகக் கூட்டுவது நன்று. தசைக்களைப்பு இரண்டொரு நாளில் மறையும். மூட்டில் வீக்கம், இரவிலும் நீங்காத வலி, வண்டியை விட்டு இறங்கிய பின்னும் தொடரும் மரமரப்பு ஆகியவை தோன்றினால் வண்டியைத் திருத்துவதோடு அமையாமல் மருத்துவரை அணுக வேண்டும்.

பள்ளியில் செய்யத்தக்க பயிற்சி

பீகார் மாநிலத்தில் 2006-இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த மாணவியர்க்குச் சைக்கிள் வாங்கப் பணம் அளிக்கப்பட்டது. இதனால் உயர்நிலை வகுப்புகளில் உரிய வயதுப் பெண்களின் சேர்க்கை நூற்றுக்கு 32 விழுக்காடு உயர்ந்ததென கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் ஆகியோர் 2017-இல் வெளியிட்ட ஆராய்ச்சி கூறுகிறது. தொலைவு காரணமாகப் படிப்பை விட்டிருக்கக்கூடிய பெண்ணைச் சைக்கிள் பள்ளிக்குக் கொண்டுவந்திருக்கிறது. வேறு பல மாநிலங்களும் மாணவர்க்குச் சைக்கிள் வழங்கி வந்திருக்கின்றன. ஆனால் ஒரே அளவில் வரும் வண்டி, ஒரே வகுப்பிலுள்ள உயரமான பெண்ணுக்கும் குள்ளமான பெண்ணுக்கும் தானே பொருந்திவிடாது.

ஆகவே வண்டி வந்த வாரத்தில் ஆசிரியர் ஒரு வகுப்பு நேரத்தை இதற்கென ஒதுக்கலாம். மாணவர்கள் இருவர் இருவராகப் பிரிந்து ஒருவர் உட்கால் நீளத்தை மற்றவர் அளந்து, 1.09 ஆல் பெருக்கி, தம் வண்டியின் உயரத்தோடு ஒப்பிட்டு அட்டவணை எழுதட்டும். 70 செ.மீ. உட்கால் உடைய மாணவிக்கு 76 செ.மீ. தேவை, அவளுடைய வண்டியில் எவ்வளவு இருக்கிறது? வேறுபாட்டைக் குறித்துக்கொண்டு, மூத்த மாணவர் ஒருவர் ஸ்பானரால் இருக்கையைத் திருத்தட்டும். இரண்டு வாரங்களுக்குப் பின் ஒவ்வொருவருக்கும் எங்கு வலி இருந்தது, எங்கு நீங்கியது என்று கேட்டு அட்டவணையை நிறைவு செய்யலாம். விகிதம், அளவை, நெம்புகோல், விசை, மனித உடலமைப்பு ஆகிய பாடங்கள் அனைத்தும் இவ்வொரு பயிற்சியில் அடங்கியுள்ளன. இருக்கையைத் தாழ்த்த இடமில்லாத பெரிய வண்டிகள் எத்தனை என்பதும் இவ்வட்டவணையில் தெரியவரும். அவ்வெண்ணை மேலதிகாரிகளுக்கு எழுதி அனுப்பினால், அடுத்த ஆண்டில் வரும் வண்டிகளில் சிறிய அளவும் சேர்வதற்கு அது உதவும்.